லாயரை ஓட்டிய லகான்

குதிரையை ஓட்டியவர்கள் உண்டு. மாட்டு வண்டி ஓட்டியவர்கள் மலாக்காவில் ஏராளம். லாயரை ஓட்டியவர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். அவரை எல்லோரும் லகான் என்றுதான் கூப்பிட்டோம்.

உண்மைப் பெயர் வேறு. அது ஆபீஸ் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. வேறு யாரும் அதை எடுத்து உபயோகித்ததாக ஞாபகம் இல்லை. காஜா பேராங்கில், ஒரு சீனரின் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த லாயர் துரைசிங்கம் ஆபீசில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. கோர்ட்டுக்குப் போனால் லாயருக்கு நேர் பின்னால் ஒரு நாற்காலியில் உட்காருவார். லாயர் எழுந்து நின்றதும் அவருடைய கோட்டின் பின்நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வார். லாயர் பேசலாம், கேள்வி கேட்கலாம், மேசையைத் தட்டலாம். கோட்டு பின்னுக்கு இழுபட்டால் மட்டும் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். அவர்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு.

இதற்குக் காரணம் ஒரு தென்னை மரம். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது. எங்கள் டைப்பிஸ்ட் மிஸ் ரீட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தேங்காய் திருடியதாக ஒருவன் மேல் வழக்கு. பார்த்ததாகச் சாட்சி சொல்ல வந்தவர் ஒரு காவல்காரர். துரைசிங்கம் அவரைக் குறுக்கு விசாரணையில் பிழிந்து கொடியில் காயப்போட்டுவிட்டார். அந்தி நேரம்தானே? ஆமாம். மரம் நல்ல உயரம்தானே? ஆமாம். ஓலை மறைத்ததுதானே? ஆமாம். மரத்தின் மேல் இருந்தவனின் முகத்தைப் பார்த்தீரா? இல்லை. இந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும். லாயருக்கு மனசு வரவில்லை. "அப்படியானால் அது இவன்தான் என்று எதை வைத்து ஐயா சொல்கிறீர்?" என்று இன்னொரு கேள்வியைத் தூக்கிப் போட்டார்.

சாட்சி கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னாராம்: "மரத்து மேலேருந்து கூப்பிட்டான் லாயர். 'அண்ணே, களைச்சுப்போய் வர்றீங்களே, ஒரு எளநி போடவா'ன்னான். அப்புறம் எறங்கி வந்து அவனே வெட்டியும் குடுத்தான். நல்லவன்தான், பாவம்."

கோர்ட்டே சிரித்தது. கட்சிக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் பெரிய கிராணி சொன்னார்: "லாயர் சார், உங்களுக்கு ஓடத் தெரியுது. நிக்கத் தெரியல. நான் பின்னாலேயே உக்காந்துக்கறேன்." அடுத்த வழக்கிலிருந்து அவர் கை கோட்டில் இருந்தது. பெயரும் அன்றிலிருந்து லகான்.

எங்கள் குடும்பம் புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பம். வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். ஆகையால் கிராணி வேலை என்பது மந்திரி வேலைக்கு ஒரு படி கீழே என்ற நினைப்பில், இரவல் டை கட்டிக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினேன். என்னைப் பரீட்சித்தது லாயர் இல்லை, லகான்.

"இங்கிலீஷ் எல்லாம் படிச்சிருக்கியா தம்பி?"

"படிச்சிருக்கேன் சார்."

"சார் உள்ளே இருக்காரு. நான் அண்ணன். அழுதா தாங்குவியா?"

"யாரு அழுதாண்ணே?"

"யாராச்சும்."

தாங்குவேன் என்றேன். வேலை கிடைத்துவிட்டது. அந்தக் கேள்விக்கு அர்த்தம் மறுநாள் காலையில் புரிந்தது. துரைசிங்கத்துக்குச் சட்டம் தலைகீழ்ப் பாடம். ஆனால் எதிரே யாராவது கண் கலங்கினால் அவரும் கைக்குட்டையை எடுத்துவிடுவார். பிறகு இரண்டு பேரும் அழுதுகொண்டிருக்க, பிரச்சினை என்னவென்று கேட்பதற்கு ஆள் இருக்காது. ஆகவே கட்சிக்காரர் யாராக இருந்தாலும் முதலில் லகானின் மேசைக்குத்தான் வர வேண்டும்.

"அழுவுறதெல்லாம் இங்கேயே அழுதுடுங்கம்மா. உள்ளே போய் அழுதா லாயருக்கு இங்கிலீஷ் மறந்துடும்."

அவர்கள் அழுவார்கள். இவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். கண்ணீர் நின்றதும், "ஆச்சா? இப்ப போங்க" என்று கதவைத் திறந்துவிடுவார். அழாமல் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் ஆள்களைக் கண்டால்தான் அவருக்குக் கவலை. "உள்ளேயே வச்சிருக்காரு தம்பி. ஒரு கோப்பி சொல்லு, வந்துடும்" என்பார் என் காதில். கோப்பி வந்து பாதி குடிப்பதற்குள் அந்த மனிதர் தேம்பத் தொடங்குவதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன்.

லகானுக்குச் சட்ட ஞானம் இருந்ததாக யாரும் எண்ணிவிட வேண்டாம். கோர்ட்டில் பேசுகிற இங்கிலீஷில் பாதி அவருக்கு விளங்காது. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"எங்கே இழுக்கணும்னு எப்படிண்ணே தெரியுது?"

"எனக்கு எங்கேப்பா தெரியுது? பின்னாலேருந்து பார்த்தா லாயரோட காது ரெண்டும்தான் தெரியும். ஜெயிச்சிட்டோம்னு அவருக்கு ஒரு சந்தோஷம் வரும் பாரு, அப்ப காது லேசா அசையும். அதுக்கு மேலே பேச விட்டா ஆபத்து. இழுத்துடுவேன்."

அதற்குப் பிறகு நான் எந்த மனிதரின் காதையும் பழையபடி பார்க்க முடியவில்லை.

ஒரு முறை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லகான் கோர்ட்டில் தூங்கிவிட்டார். கையில் கோட்டு. தலை பின்பக்கம் சாய்ந்தது, கையும் கூடவே சாய்ந்தது. துரைசிங்கம் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். "என் கட்சிக்காரர் செய்ததெல்லாம்…" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி, "அவ்வளவுதானா?" என்றார். லகான் இழுத்தால் காரணம் இருக்கும் என்று நம்பிய லாயர், "அவ்வளவுதான்" என்றார். மாஜிஸ்திரேட்டுக்கும் தூக்கம் வந்திருக்க வேண்டும். இப்படிச் சுருக்கமாகப் பேசும் வக்கீலை இந்த ஊரில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று பாராட்டிவிட்டு, கட்சிக்காரரை எச்சரித்து அனுப்பினார்.

வெளியே வந்து துரைசிங்கம் லகானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாழ்ப்பாணத்து மனிதர், பேச்சும் அப்படியே இருக்கும். "என்ன நுணுக்கம் காணும் உமக்கு! அந்த இடத்தில நிப்பாட்ட வேணும் எண்டு எனக்குத் தோன்றவே இல்லை." லகான் அடக்கமாக, "எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்" என்று கொட்டாவியை மென்று விழுங்கினார்.

கோட்டுகள் பாவம். எல்லாக் கோட்டும் பின்பக்கம் ஒரு நுனி கீழே தொங்கும். ஜாலான் பெண்டஹாராவில் இருந்த தையல்கார பாய் ஒவ்வொரு முறையும் அதை விரித்துப் பார்த்து, "இது கோட்டா, கப்பல் பாயா தம்பி? எந்தக் காத்துல மாட்டிச்சு?" என்று கேட்டு வைப்பார். ஒரு கல்யாணத்தில் துரைசிங்கம் வாழ்த்திப் பேச எழுந்தபோது நடந்ததை இங்கே விவரமாக எழுத முடியாது. அன்று அவர் கோட்டுப் போடவில்லை, வேட்டி கட்டியிருந்தார் என்பதையும், பழக்க தோஷத்தில் லகான் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார் என்பதையும் மட்டும் சொல்லி வைக்கிறேன். மலாக்காவில் அவ்வளவு சிறிய வாழ்த்துரையை யாரும் கேட்டதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குள் சின்ன லாயர் வந்து ஏறினார்.

மெர்டேகா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சாக இருந்த சமயம். சின்ன லாயர் துரைசிங்கத்தின் அக்கா மகன். லண்டனில் படித்துப் பட்டம் வாங்கி, மாமாவோடு கூட்டாகத் தொழில் செய்ய வந்தார். நல்ல பிள்ளை, குரலை உயர்த்த மாட்டார். முதல் வாரத்திலேயே மாமாவின் வழக்கைப் பார்க்கக் கோர்ட்டுக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். ஆபீசுக்குத் திரும்பியதும் பேச்சு தொடங்கியது. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் மிஸ் ரீட்டாவும் லகானும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

"மாமா, உங்கட கோட்டைப் பிடிச்சு இழுத்தது ஆர்?"

"எங்கட பெரிய கிராணி."

"ஏன் இழுக்கிறார்?"

"நிப்பாட்டத்தான்."

"நாடே தன்ர காலில நிக்கப்போகுது மாமா. ஒரு லாயருக்குத் தானாக உட்காரத் தெரியாதோ?"

"தெரியும் லா. எப்ப எண்டுதான் தெரியாது."

சின்ன லாயர் சிரிக்கவில்லை. லாயர் வேலை லாயருக்கு, கிராணி வேலை கிராணிக்கு என்று பொறுமையாக விளக்கினார். எதிர்க்கட்சி வக்கீல்கள் சிரிக்கிறார்கள் என்றார். இனிமேல் கிராணிகள் கோர்ட்டில் லாயருக்குப் பின்னால் உட்காரக் கூடாது, ஃபைல் தூக்க ஓர் ஆள் வந்து கதவோரம் நின்றால் போதும் என்றார். துரைசிங்கம் நெடுநேரம் தொண்டையைக் கனைத்தார். கடைசியில், அடுத்த வாரம் வரும் பால் கேசை லகான் இல்லாமல் நடத்திப் பார்ப்பது, அதற்குப் பிறகு முடிவு செய்வது என்று ஒத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கீழே சைக்கிளை எடுக்கும்போது லகான் என்னிடம் சொன்னார்: "ஆபீசுல உக்காந்தா நான் கிராணிப்பா. அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஆனா அங்கே அந்த நாற்காலியில உக்காந்தாத்தான் கேசுல நானும் ஒரு ஆளு. அது போயிடுச்சுன்னா…" மீதியைச் சொல்லாமல் சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தார். எதிரே யாரும் வரவில்லை.

பால் கேஸ் இதுதான். வீடு வீடாகப் பால் ஊற்றும் ரெங்கன் பாலில் தண்ணீர் கலந்ததாகச் சுகாதார இன்ஸ்பெக்டர் பிடித்துவிட்டார். தண்டனை ஆனால் பால் விற்கும் லைசென்ஸ் போய்விடும். கதவோரம் நிற்க நான்தான் போனேன். புறப்படும்போது சின்ன லாயர், "கோட்டில கை வைக்கக் கூடாது, விளங்குதோ?" என்றார். படியில் லகான் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "காது அசைஞ்சா…" என்று ஆரம்பித்தவர் தாமே தலையை ஆட்டிக்கொண்டார். "வேணாம். தொடாதே. ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதான்."

கோர்ட்டில் துரைசிங்கம் இன்ஸ்பெக்டரை நிறுத்திக் கேட்டார். அன்று மழைதானே? நல்ல மழை. பால் பாத்திரத்தின் மூடியைத் திறந்தது யார்? நான்தான். தெருவில் வைத்துத்தானே திறந்தீர்? ஆமாம். மூடியை எப்போது திரும்பப் போட்டீர்? பாலைப் புட்டியில் எடுத்து, முத்திரை வைத்து, பெயர் எழுதி, பிறகு போட்டேன்.

மாஜிஸ்திரேட் ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து லாயரின் காது அசைந்தது. கதவோரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. வாயும் திறந்தது. அடுத்த கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது துரைசிங்கத்தின் வலது கை மெதுவாகப் பின்னால் போயிற்று. தம்முடைய கோட்டு நுனியைத் தாமே பிடித்தார். ஓர் இழுப்பு. உட்கார்ந்துவிட்டார்.

ரெங்கன் விடுதலை. வெளியே இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்து வருத்தத்தோடு சொன்னார்: "என்ன தம்பி உங்க லாயரு, கடைசிக் கேள்வியைக் கேக்கவே இல்லியே? மழைத் தண்ணி விழுந்துச்சான்னு கேப்பாருன்னு காத்துக்கிட்டே இருந்தேன். மூடி திறந்ததுலேருந்து என் ஆளு குடை புடிச்சிருந்தான்னு சொல்லியிருப்பேன்."

ஆபீசுக்கு வந்தோம். லகான் தம் மேசையில் உட்கார்ந்திருந்தார். கோர்ட்டுக்குப் போகும் நாளில் மட்டும் கட்டும் டையை அன்று ஆபீசிலேயே கட்டியிருந்தார். ரெங்கன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். லகான் அவனை அழவிட்டு, கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்தார்.

"எங்கேப்பா நிறுத்துனாரு?"

சொன்னேன். கையால் கோட்டைப் பிடித்ததையும் சொன்னேன்.

"அங்கேதான் நிறுத்தணும்" என்றார். பிறகு டையை அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அப்ப சரி. கத்துக்கிட்டாரு."

ஜெயித்த வழக்குக்கு அந்த ஆபீசில் அன்று யாரும் சிரிக்கவில்லை. துரைசிங்கம் அறைக்குள்ளிருந்து இரண்டு முறை வெளியே வந்தார், இரண்டு முறையும் லகானின் மேசை வரைக்கும் வந்து திரும்பி உள்ளே போனார். கடைசியில் சின்ன லாயரிடம் மட்டும் சொன்னது தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது: "வெல்லுறதுக்கு அவர் தேவையில்லைத்தான். ஆனால் வெண்டபிறகு திரும்பிப் பார்த்தன், ஒருத்தரும் இல்லை."

வழக்கு ஜெயித்ததால் சின்ன லாயர் போட்ட ரூலே நிலைத்தது. லகான் ஆபீசிலேயே இருந்தார். கோபிக்கவில்லை, முகம் தூக்கவில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. கட்சிக்காரர்கள் வந்தால் அழவைப்பார். ஆனால் முன்பு போல் தலையாட்டல் இல்லை. மிஸ் ரீட்டா எழுந்து அலமாரிக்குப் போகும்போது அவர் கை அனிச்சையாக அவள் பாவாடைப் பக்கம் நீண்டு, பாதியில் திடுக்கிட்டுத் திரும்பியது. "ஐயோ, மாப்பு ரீட்டா" என்று மன்னிப்புக் கேட்டார். திட்டுவதற்கு வாய் திறந்த ரீட்டா, அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மெர்டேகா வந்தது, ஊரெல்லாம் கொடி கட்டினோம். அதற்குச் சில மாதம் கழித்து ஹைகோர்ட்டில் எங்கள் வழக்கு ஒன்று விசாரணைக்கு வந்தது. எங்கள் ஆபீசிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்த கம்போங் செட்டியில், ஒரு குடும்பத்தின் வீட்டு நிலம் பற்றிய தகராறு. தோற்றால் பரம்பரையாக இருந்த வீட்டை விட்டு இறங்க வேண்டும். பல தலைமுறைக்கு முன்பே மலாய் வீட்டு மொழியாகிவிட்ட மலாக்கா செட்டிகள் அவர்கள், அந்தக் குடும்பத்து அம்மாளுக்குத் தமிழ் வராது. மலாயில் அழுதார், லகான் மலாயிலேயே தேற்றினார். துரைசிங்கம்தான் வாதாடுவதாக இருந்தது. விசாரணைக்கு முதல் நாள் அவருக்குக் காய்ச்சல் அடித்துப் படுத்துவிட்டார். சின்ன லாயர் தனியாகப் போக வேண்டியதாயிற்று. அதுவரை அவர் ஹைகோர்ட்டில் எழுந்து நின்று பேசியதில்லை.

காலையில் அவர் ஆபீசுக்கு வந்தபோது கழுத்து வெள்ளைப் பட்டை கோணலாக இருந்தது. கறுப்பு அங்கியைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். லகானின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரவில்லை, பேசவும் இல்லை. லகான் என்னைப் பார்த்துக் கண்ணால் கோப்பிக் கடைப் பக்கம் காட்டினார். நான் அசையவில்லை. சின்ன லாயர் மெதுவாக வாய் திறந்தார்.

"பெரிய கிராணி, நீங்கள் இண்டைக்கு வாறீங்களோ?"

"ஃபைல் தூக்க தம்பி வரான் சார்."

"ஃபைலுக்கு இல்லை. பின்னால இருக்க."

"ரூல் போட்டிருக்கே சார்."

"போட்டது நான்தானே."

லகான் எழுந்து நின்று அவர் கழுத்துப் பட்டையை நேராக்கினார். "இழுக்கலாமா சார்?" என்று கேட்டார். சின்ன லாயர் நன்றாக யோசித்தார். "தேவைப்பட்டால்" என்றார்.

அன்று முழுக்க விசாரணை நடந்தது. நான் பக்கத்தில் புத்தகங்களோடு இருந்தேன். சின்ன லாயர் எழுந்ததும் லகானின் கை அங்கியின் நுனிக்குப் போயிற்று. இப்போது இழுப்பார், இதோ இழுப்பார் என்று காத்திருந்தேன். எதிர்த்தரப்புச் சாட்சியை விசாரித்தபோதும் இழுக்கவில்லை. நீதிபதி இடைமறித்துக் கேள்வி கேட்டு, சின்ன லாயர் பதில் தேடித் தவித்தபோதும் இழுக்கவில்லை. அவர் எழுந்தபோதெல்லாம் பிடித்தார், உட்கார்ந்தபோதெல்லாம் விட்டார். சாயங்காலம் நீதிபதி நிலம் அந்தக் குடும்பத்துக்கே என்று சொன்னார். அந்த அம்மாள் முதலில் சின்ன லாயரைக் கட்டிக்கொண்டார், அப்புறம் லகானை. சின்ன லாயர் அங்கியைக் கழற்றி லகானிடம் கொடுத்தார். "நாளைக்கும் வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காய்ச்சலில் கிடக்கும் மாமாவிடம் சொல்ல ஓடினார்.

நானும் லகானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே காஜா பேராங் வந்து, ஆபீசுக்கு எதிரே இருந்த கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம்.

"ஒரு தடவை கூட இழுக்கலியேண்ணே?"

"எதுக்குப்பா இழுக்கணும்? அவரு சரியாத்தான் பேசினாரு. ஆனா உள்ளுக்குள்ளே ஒரே நடுக்கம். அங்கி நுனி வரைக்கும் வந்துச்சு, என் விரலுக்குத் தெரிஞ்சுது. நடுங்குற புள்ளைய இழுக்கக் கூடாதுப்பா. சும்மா புடிச்சுக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான்."

கோப்பி வந்தது. அவர் குவளையை எடுக்கப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை. நாள் முழுக்க அந்தத் துணியைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போயிருந்தது. நான் அவருடைய கோப்பியைத் தட்டில் ஊற்றி, ஊதி ஆற்றி, அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.